பலகை, அலை, கேமரா: வாசகர் கேள்வி – பதில்

கோவளம், மாமல்லபுரம் பக்கம் அலைச்சறுக்கும் ஸ்கேட்டிங்கும் பழகும் பிள்ளைகள் கூடிக்கொண்டே போகிறார்கள். அவர்களைப் படம் பிடிக்கும் நண்பர்களும் கூடவே வளர்கிறார்கள். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்தக் கூட்டத்திலிருந்துதான்.

கேள்வி: மகளுக்கு ஒன்பது வயது. ஸ்கேட்போர்டு வேண்டும் என்று அடம். பொம்மைக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே, முதலில் அதை வாங்கிக் கொடுத்துப் பார்க்கலாமா? (திருவான்மியூர்)

வேண்டாம். அந்த போர்டுகளில் ட்ரக் (வீல்களைத் தாங்கும் அச்சுப் பகுதி) பெரும்பாலும் பிளாஸ்டிக். உடம்பைச் சாய்த்தாலும் திரும்பாது. வீலைக் கையால் சுண்டிவிட்டுப் பாருங்கள், இரண்டு மூன்று சுற்றில் நின்றுவிடும். குழந்தை பத்து நாள் முட்டி மோதிவிட்டு ‘எனக்கு இது வராது’ என்று மூலையில் போட்டுவிடுவாள். குறை போர்டில் இருந்தது என்பது அவளுக்குத் தெரியாது.

ஏழு அடுக்கு மேப்பிள் மரத்தில் செய்த டெக் (நிற்கும் பலகை), அலுமினிய ட்ரக், யூரித்தேன் வீல், இந்த மூன்றும் இருக்க வேண்டும். ஒன்பது வயதுக்கு டெக்கின் அகலம் 7.25 முதல் 7.5 அங்குலம் போதும். ட்ரக்கின் அச்சு டெக்கின் அகலத்துக்கு ஒத்து வர வேண்டும். கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் போர்டு ஒன்று தடுமாறும், அல்லது வீலில் கால் இடிக்கும்.

கடைக்காரர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. ட்ரக்கின் நடுவே இருக்கும் ரப்பர் போன்ற புஷிங், பெரியவர்கள் எடைக்குத்தான் வரும், சுமார் 90A கெட்டித்தன்மையில் (எண் கூடக் கூடக் கெட்டி). 25 கிலோ குழந்தை எவ்வளவு சாய்ந்தாலும் அது அசையாது. கிங்பின் (ட்ரக்கின் நடு போல்ட்) நட்டைத் தளர்த்துங்கள். ஆனால் நட்டின் உள்ளே உள்ள நைலான் வளையம் போல்ட் மரையைக் கவ்வியபடியே இருக்க வேண்டும், அதற்குக் கீழே போனால் ஓடும்போதே கழன்றுவிடும். அப்படியும் திரும்பவில்லை என்றால் 80A பக்கம் உள்ள புஷிங் மாற்றுங்கள்.

ஹெல்மெட்டில் EN 1078 அல்லது ASTM F1492 முத்திரை பாருங்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் உட்கார வேண்டும், பின்னால் சரியக் கூடாது. முழங்கால் கவசத்தைவிட மணிக்கட்டுக் கவசம் முக்கியம். விழும்போது கையை ஊன்றுவது இயல்பு, புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அடிபடுவதும் அங்கேதான்.

முதல் சில வாரம் ட்ரிக் எதுவும் வேண்டாம். தள்ளுவது, காலால் நிறுத்துவது, பின்சக்கரத்தில் எடையை வைத்து முன்பக்கத்தைத் திருப்புவது, இவ்வளவுதான். எந்தக் கால் முன்னால் என்று குழப்பமா? சாக்ஸ் போட்டு மொசைக் தரையில் ஓடிவந்து சறுக்கச் சொல்லுங்கள். எது தானாக முன்னே போகிறதோ அதுவே முன்கால்.

கேள்வி: புது போர்டு. எங்கள் தெருவில் ஒரு சின்ன ஜல்லி பட்டாலும் போர்டு நின்று நான் பறக்கிறேன். (மடிப்பாக்கம்)

வீல் தவறு, நீங்கள் இல்லை. கடையில் வந்தது 52 மி.மீ., 99A அல்லது 101A ஆக இருக்கும். அது ஸ்கேட் பார்க்கின் வழவழப்பான சிமென்ட் தரைக்கானது. நம் தார்ச்சாலைக்கு 56 முதல் 60 மி.மீ., 78A முதல் 85A மெதுவீல் (மிருதுவான வீல்) போடுங்கள். வீல் பெரிதானால் டெக்கில் உரசும், அதனால் ட்ரக்குக்கும் டெக்குக்கும் நடுவே 3 மி.மீ. ரைசர் (உயர்த்தும் தகடு) வைத்து, போல்ட்டையும் ஒன்றேகால் அங்குலத்துக்கு மாற்ற வேண்டும். ட்ரிக் பழகும் நாளில் பழைய வீலைத் திரும்பப் போட்டு கார் பார்க்கிங்குக்குப் போய்விடுங்கள். மெதுவீலில் ஆலி (போர்டோடு எம்பிக் குதிப்பது) அடித்தால் பந்து மாதிரி துள்ளும்.

கேள்வி: பேரிங் இரண்டு மாதத்தில் துருப்பிடிக்கிறது. WD-40 அடித்தேன், ஒரு வாரம் பறந்தது, பிறகு முன்பைவிட மோசம். (கோவளம்)

சாதாரண WD-40 உள்ளே இருந்த கிரீஸைக் கரைத்துவிட்டுத் தானும் காய்ந்துபோகும். ஒரு வாரம் பறந்ததும் அதனால்தான், பிறகு செத்ததும் அதனால்தான். கடலோரத்தில் உப்புக் காற்று மிச்ச வேலையை முடித்துவிடும்.

ஸ்கேட் பேரிங் என்பது 608 அளவு: உள்துளை 8, வெளிவிட்டம் 22, தடிமன் 7 மி.மீ. மோட்டார் ரிப்பேர் கடையிலும் கிடைக்கும். சுத்தம் செய்ய, ரப்பர் மூடியைக் குண்டூசியால் நெம்பி எடுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பத்து நிமிடம் ஊறவைத்துக் குலுக்குங்கள். காற்றில் முழுக்கக் காய்ந்த பிறகு தையல் மெஷின் எண்ணெய் இரண்டே சொட்டு. அதிகம் விட்டால் மணல் ஒட்டும். கடலோரக்காரர்கள் எண்ணெய்க்குப் பதில் லேசான கிரீஸ் வைப்பது நல்லது. வேகம் கொஞ்சம் குறையும், ஆயுள் கூடும். கடலிலிருந்து கரை ஏறியதும் ஈரக்காலோடு போர்டில் நிற்கும் பழக்கத்தை விடுங்கள். பேரிங் மட்டுமல்ல, டெக்கும் தண்ணீர் குடித்து ‘டொக்’ என்ற சத்தத்தை இழந்துவிடும். அதற்கு மருந்து இல்லை.

கேள்வி: நண்பன் மூன்று படிக்கட்டு தாண்டினான். நேரில் பார்த்தபோது மயிர்க்கூச்செறிந்தது. வீடியோவில் பார்த்தால் ஏதோ நடைபாதையில் இறங்கியது போலிருக்கிறது. போன் மாற்ற வேண்டுமா? (பெசன்ட் நகர்)

போனை மாற்ற வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். நின்றபடி, கண் உயரத்தில், ஐந்தாறு மீட்டர் தள்ளி எடுத்திருப்பீர்கள். மேலிருந்து பார்த்தால் எந்த உயரமும் செத்துவிடும். அந்த நடுத்தரத் தூரம் வேறு, இருப்பதிலேயே கெட்ட தூரம். ஒன்று மிக அருகே போங்கள், இல்லையேல் தள்ளிப் போங்கள்.

அருகே என்றால் போனின் 0.5 (மிக அகலமாகப் பார்க்கும்) லென்ஸ், போர்டுக்கும் உங்களுக்கும் இடையே ஒரு மீட்டருக்குள். போனைக் கிடையாகப் பிடித்து, லென்ஸ் கீழ்மூலையில் வரும்படி தலைகீழாகத் திருப்புங்கள். லென்ஸ் தரைக்கு ஒரு ஜாண் அருகே வந்துவிடும். படிக்கட்டு என்றால் கீழே, இறங்கும் இடத்துக்குப் பக்கவாட்டில் குந்தி, லேசாக மேல்நோக்கிப் பிடியுங்கள். ஸ்கேட் வீடியோக்காரர்களின் ஃபிஷ்ஐ (மீன்கண் போல மிக அகலமாகப் பார்க்கும்) லென்ஸின் ரகசியமே இதுதான்: முன்னால் இருப்பதைப் பெரிதாக்கி, பின்னால் இருப்பதைத் துரத்திவிடும். மூன்று படி ஐந்து படி போலத் தெரியும். அரை மீட்டர் பின்வாங்கினாலே அந்த வித்தை போய்விடும். போர்டு கேமராவை நோக்கிப் பறந்துவரும் என்பதையும் மனதில் வையுங்கள்; லென்ஸுக்குக் கண்ணாடி உறை இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

தள்ளிப் போவது என்றால் 10 முதல் 15 மீட்டர், 2 அல்லது 3 மடங்கு ஆப்டிக்கல் லென்ஸ். ஓடிவரும் பாதை, தடை, இறங்கிய பின் உருளும் இடம் மூன்றும் தெரியும் கோணத்தில் நின்று, காலை ஊன்றி இடுப்பால் மட்டும் திரும்புங்கள். பறக்கும்போது ஜூம் செய்யாதீர்கள்.

எந்தப் பக்கம் நிற்பது? நெஞ்சு தெரியும் பக்கம். இடதுகால் முன்வைத்து ஓட்டுகிறவரின் நெஞ்சு அவர் போகும் திசைக்கு வலப்புறம் இருக்கும், வலதுகால்காரருக்கு இடப்புறம். முதுகுப் பக்கம் நின்றால் காலில் நடப்பது பாதி மறையும்.

ஃபிரேமில் தலையும் வீலும் இரண்டும் இருக்க வேண்டும். ஒன்றை இழக்கத்தான் வேண்டும் என்றால் தலையை இழங்கள். வீல் தரை தொட்டது தெரியாத ட்ரிக்கை ஸ்கேட்டர் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அதேபோல் அவர் தள்ளத் தொடங்கும் முன்பே பதிவை ஆரம்பித்து, இறங்கி உருண்டு போன பிறகு இரண்டு விநாடி கழித்து நிறுத்துங்கள். உணர்ச்சிவசப்பட்டுக் கத்தியபடி கேமராவைக் கீழே இறக்கிவிடுவதுதான் புது ஃபிலிமர்களின் தீராத வியாதி.

இன்னொரு அமைப்பு: மதிய வெயிலில் போனின் ஆட்டோ, ஷட்டரை 1/4000 விநாடி வரை கொண்டுபோகும். அசைவு வெட்டி வெட்டி வரும். ND16 ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) ஒட்டினால் 1/250 பக்கம் வரலாம். சினிமாக்காரர்கள் ஃபிரேம் வேகத்துக்கு இரட்டிப்பு ஷட்டர் என்பார்கள். 60 ஃபிரேமுக்கு 1/120. ஸ்கேட்டுக்கு அது கொஞ்சம் மங்கல், போர்டு புரளும்போது எத்தனை சுற்று என்று எண்ண முடியாது. 1/250 முதல் 1/500 எங்கள் சிபாரிசு. எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் பூட்டிவிடுங்கள், நிழலிலிருந்து வெயிலுக்கு வரும்போது படம் பளிச்சென்று வெளுக்காது.

கேள்வி: பின்னாலேயே ஓட்டிக்கொண்டு படம் எடுக்க ஆசை. ஜிம்பல் (கேமரா குலுங்காமல் பிடிக்கும் கருவி) வாங்கலாமா? எனக்குச் சுமாராகத்தான் ஓட்டத் தெரியும். (புதுச்சேரி)

ஜிம்பல் பணத்தில் நான்கு மெதுவீல் வாங்கி, மீதியில் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். ஜிம்பல் திடீர்த் திருப்பத்தில் அரை நொடி பிந்தும், ட்ரிக்கின் வேகத்தையும் மிதப்பாக்கிவிடும். 60 மி.மீ., 78A வீல், 8.25 அங்குலத்துக்குக் குறையாத டெக், இதுவே உங்கள் ஜிம்பல். முக்கியமாக, சத்தம் போடாது. ஸ்கேட் வீடியோவில் பாதி சுவை ஒலியில் இருக்கிறது: வால் தரையில் அடிக்கும் ‘டக்’, கடப்பாக்கல் விளிம்பில் ட்ரக் உரசும் ‘கர்ர்’. உங்கள் கெட்டி வீலின் கடகடப்பு அதன் மேல் ஏறினால் எடிட்டிங்கில் பிரிக்க வழியில்லை.

சுமாராக ஓட்டுவது போதாது. கீழே பார்க்காமல் தள்ளவும், திரும்பவும், நிற்கவும் வர வேண்டும், ஏனென்றால் கண் திரையிலும் ஸ்கேட்டரிலும் இருக்கும். காலி கையோடு நண்பருக்கு ஒரு மீட்டர் பின்னால், நெஞ்சுப் பக்கம் சற்று விலகி, ஒரு மாலை முழுக்க வெறுமனே ஓட்டிப் பாருங்கள். கேமரா அடுத்த நாள்.

மேலே கைப்பிடி உள்ள கூண்டில் போனை மாட்டி, கையைத் தொங்கவிட்டு, முழங்கால் உயரத்தில் பிடியுங்கள். முழங்கை இளகியிருக்கட்டும். தள்ளுவதையெல்லாம் ஸ்கேட்டர் ட்ரிக்குக்குத் தயாராகும் முன்பே முடித்துவிடுங்கள், அவர் பறக்கும் நேரத்தில் நீங்கள் காலைத் தரையில் வைத்தால் படம் குலுங்கும். எந்த ட்ரிக், எந்தப் பக்கம் திரும்புவார் என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். மோதல்கள் எல்லாம் பேசாமல் விட்டதால் வருபவை.

கேள்வி: அடுக்குமாடியின் பேஸ்மென்ட்டில் ஸ்லோமோஷன் எடுத்தால் படம் முழுக்கப் பட்டை பட்டையாக மினுக்குகிறது. (வேளச்சேரி)

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல்விளக்கும் மலிவு LED-யும் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள், போகும். 120 ஃபிரேமில் 1/100 வைக்க முடியாது, அதனால் பேஸ்மென்ட்டில் ஸ்லோமோஷனை மறந்துவிடுங்கள். 50 ஃபிரேமில் எடுத்து, 25-இல் பாதி வேகமாக்குங்கள்.

கேள்வி: மாமல்லபுரத்தில் காலையில் அலைச்சறுக்கு எடுக்கிறோம். அலை அழகாக இருக்கிறது, ஆள் மட்டும் கரிக்கட்டை. மாலையில் எடுத்தால் ஆள் தெரிகிறார், அலை கந்தலாகிவிடுகிறது. (மாமல்லபுரம்)

கிழக்குக் கடற்கரையின் தலையெழுத்து அது. காலையில் நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று மெல்ல வீசும், அலையின் முகம் வழித்துவிட்டது போல நிற்கும். ஆனால் சூரியன் நேர் எதிரே. பிற்பகலில் சூரியன் உங்கள் முதுகுக்கு வந்துவிடும், அதற்குள் கடல்காற்று கிளம்பி அலையை நொறுக்கிவிடும்.

வழி இரண்டு. ஒன்று, நேர் எதிரே நிற்காமல் கரையோரமாக 100, 150 மீட்டர் தள்ளி நில்லுங்கள். மார்கழி பக்கம் சூரியன் தென்கிழக்கில் உதிக்கும். அப்போது தெற்கே நின்று வடக்கு நோக்கி எடுங்கள். ஆனி, ஆடியில் வடகிழக்கில் உதிக்கும், வடக்கே நின்று தெற்கு நோக்குங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழும், முகம் கிடைக்கும். அத்துடன் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (இரட்டிப்பு ஒளி) கூட்டுங்கள், வானம் வெளுத்தால் வெளுக்கட்டும்.

இரண்டு, தென்மேற்குப் பருவக் காலத்தைக் காத்திருந்து பயன்படுத்துங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பலமாக இருக்கும் நாட்களில் கடல்காற்று தாமதமாகத்தான் தலையெடுக்கும். தெற்கிலிருந்து பேரலையும் வரும் பருவம். ஒன்பது, பத்து மணி வரை அலை சுத்தமாக நிற்கும், சூரியனும் மேலேறி முகத்தில் ஒளி விழும். வருடத்தின் நல்ல ஃபுட்டேஜ் இந்த மணிகளில்தான் கிடைக்கும். தூங்கிக் கழிக்காதீர்கள்.

70–300 மி.மீ. லென்ஸ் போதும், ஷட்டர் 1/1000-க்குக் குறையாமல். கரையில் லென்ஸ் மாற்றவே கூடாது. ஏசி அறையிலிருந்து எடுத்துவந்த கேமரா வெளியே வந்ததும் பனி பூக்கும். முதல் நாள் இரவே ஏசி இல்லாத அறையில் வையுங்கள், மறந்தால் கட்டிய பிளாஸ்டிக் பையிலேயே அரை மணி விட்டுப் பிறகு திறவுங்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் கிரைண்ட் (விளிம்பில் ட்ரக்கை உரசிச் சறுக்குவது) பழக ஒரு பெட்டி செய்துகொள்ள அனுமதி கிடைத்துவிட்டது. அளவு சொல்லுங்கள். (தாம்பரம்)

8×4 அடி, 18 மி.மீ. மரைன் ப்ளை (IS 710 முத்திரை) ஒரே ஒரு தகடு போதும். 6×2 அடி மேல்பலகை ஒன்று, 6×1 அடி பக்கப்பலகை இரண்டு. மிஞ்சும் 4×2 அடித் துண்டில் 2×1 அடி நான்கு கிடைக்கும்: இரண்டு முனைக்கு, இரண்டு உள்ளே விலா எலும்பாக. இந்த நான்கும் பக்கப்பலகைகளுக்கு நடுவே உட்கார வேண்டும், ஆகவே நீளத்தை இருபத்திரண்டரை அங்குலமாகக் குறையுங்கள். விலாவை இரண்டடிக்கு ஒன்றாக வையுங்கள். அது இல்லாவிட்டால் நடுவில் குழிந்து, ஒரு மாதத்தில் விரிசல்.

விளிம்புக்கு 40×40×6 மி.மீ. எல்-ஆங்கிள், 6 அடி நீளத்தில் இரண்டு, மொத்தம் சுமார் 13 கிலோ. இங்கேதான் பலர் கோட்டை விடுவார்கள்: ஆங்கிளை அப்படியே மேலே மாட்டினால் 6 மி.மீ. திட்டு நிற்கும், போர்டு அதில் இடறும். இரு ஆங்கிளுக்கும் நடுவே 6 மி.மீ. ப்ளை ஒன்றை மேலே விரித்து மட்டமாக்குங்கள். திருகின் தலை உள்ளே புதையும்படி துளையைக் குடைந்துவிடுங்கள். ஆங்கிளின் நான்கு முனைகளையும் கிரைண்டரால் உருட்டிவிட மறக்காதீர்கள், கெண்டைக்காலைக் கிழிப்பது அந்த முனைதான். பெயின்ட் சுரண்டிய விளிம்பில் வெள்ளை மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்தால் வழுக்கும். பொதுக் கட்டடத் திண்ணையில் இதைச் செய்யாதீர்கள், கறுப்புக் கறை போகாது, வாட்ச்மேனும் அடுத்த முறை விடமாட்டார்.

கேள்வி: இளமையில் நண்பர்களோடு ஸ்கேட் செய்து எடுத்த மினி DV கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய உள்ளன. சோனி VX1000-இல் எடுத்தவை. பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். (ஸ்கார்பரோ, கனடா)

1995-இல் வந்த அந்தக் கேமராவும் அதன் ஃபிஷ்ஐ லென்ஸும்தான் ஒரு தலைமுறையின் ஸ்கேட் வீடியோக்களுக்கு முகம் கொடுத்தவை. இன்றும் அந்த 4:3 சட்டத்துக்காகவும் அதன் மைக்கில் வரும் ‘டக்’ ஒலிக்காகவும் தேடி வாங்குகிறார்கள். கேசட்டை எந்தக் காரணத்துக்காகவும் மஞ்சள்-வெள்ளை-சிவப்புக் கேபிள் வழியாக மாற்றாதீர்கள். டிஜிட்டலை அனலாக் ஆக்கி மறுபடி டிஜிட்டல் ஆக்கும் வீண்வேலை அது. FireWire (DV கேமராவின் டிஜிட்டல் கேபிள்) வழியாக எடுத்தால் கேசட்டில் உள்ளது அப்படியே பிரதியாகும். பழைய மடிக்கணினி ஒன்றில் அந்தப் பொருத்துமுனை இருக்கும், மேசைக் கணினி என்றால் ஒரு PCIe அட்டை.

ஒவ்வொரு கேசட்டையும் முதலில் கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். ஒட்டியிருக்கும் நாடா பிரியும். வெள்ளைப் பூஞ்சை தெரியும் கேசட்டைத் தனியே ஒதுக்குங்கள், அது நாடாவைப் படிக்கும் ஹெட்டை அடைத்து நல்ல கேசட்டுகளையும் கெடுக்கும். படத்தில் கட்டம் கட்டமாக உடைந்தால் ஹெட் கிளீனர் கேசட்டைப் பத்து விநாடிக்குள் ஓட்டுங்கள், அதற்கு மேல் ஓட்டினால் ஹெட் தேயும்.

ஒரு மணிநேரக் கேசட் சுமார் 13 ஜி.பி. அந்த மூலக்கோப்பை 720×480, இன்டர்லேஸ் (ஒற்றை வரி, இரட்டை வரி எனப் பிரித்துப் பதிந்த) நிலையிலேயே சேமியுங்கள். இரண்டு வட்டுகளில், ஒன்று வேறு வீட்டில். பகிர்வதற்கு மட்டும் தனிப்பிரதி எடுத்து, நொடிக்கு 60 ஃபிரேமாக டீ-இன்டர்லேஸ் செய்து, 1440×1080-க்குப் பெரிதாக்குங்கள். யூடியூப் சின்ன அளவுப் படத்தை மிகவும் நசுக்கிவிடும். பக்கவாட்டில் இழுத்து அகலத்திரை ஆக்கிவிடாதீர்கள், வீல் முட்டை வடிவாகிவிடும்.

கேள்வி: எங்கள் கூட்டத்தின் முதல் வீடியோ. ஒரு வருட ஃபுட்டேஜ் இருக்கிறது. எவ்வளவு நீளம்? என்ன பாட்டு? (கோவளம்)

ஆறு நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். ட்ரிக்கின் நடுவே வெட்டாதீர்கள், எம்பியதிலிருந்து உருண்டு போவது வரை ஒரே துண்டு. ஸ்லோமோஷன் வீடியோ முழுவதற்கும் மூன்று இடத்துக்கு மேல் வேண்டாம். இரண்டாவது சிறந்த ட்ரிக்கை முதலில், சிறந்ததைக் கடைசியில் வையுங்கள். விழுவதையும் கொஞ்சம் சேருங்கள், அது இல்லாமல் ட்ரிக் சுலபம் போலத் தெரியும். சினிமாப் பாட்டு போட்டால் உரிமைதாரர் கோரி ஒலியை முடக்கலாம், வீடியோவையே இறக்கலாம். கானா பாடும் நண்பர் யாராவது இருந்தால் அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிப் போடுங்கள்.

கோப்புகளுக்குத் தேதி, இடம், ஓட்டியவர், ட்ரிக் என்ற வரிசையில் பெயர் வையுங்கள், அன்றிரவே. ‘IMG_4471’ என்று ஆயிரம் கோப்பு சேர்ந்தபின் யாரும் உட்கார்ந்து பெயர் வைத்ததாகச் சரித்திரம் இல்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர் ஃபிரேமில் இருந்தால் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள், பள்ளிச் சீருடையும் வீட்டு வாசலும் தெரியும் துண்டுகளை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கடற்கரைக் கோயிலுக்கு மேல் ட்ரோன் பறக்கவிட்டு அலையை எடுக்கலாமா? (செங்கல்பட்டு)

கூடாது. அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள உலகப் பாரம்பரியச் சின்னம். வேறு இடமானாலும் பறக்கவிடும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் அந்த இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பாருங்கள். தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம் இருப்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.